நடுவில் ஒரு கடல்: தொலைதூர ராப் கூட்டணிகளில் குரலும் பெயரும்

2006-இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் தன் இரண்டாவது இசைத்தொகுப்பை அமெரிக்காவில் தங்கிச் செய்வதாக இருந்தார். அப்போது அமெரிக்க ஹிப்ஹாப்பின் உச்சியில் இருந்த டிம்பலாண்டுடன் பெரும்பகுதி வேலை என்பது திட்டம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்து, போருக்குத் தப்பி அகதியாக மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தவர் அவர். 2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக வைத்திருந்தார். ஆனால் நீண்ட நாள் தங்கி வேலை செய்ய அமெரிக்கா விசா தரவில்லை. பாடகி ஒரு கரையில், தயாரிப்பாளர் மறு கரையில் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இசை வரலாற்றில் நின்றது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் பதிவு செய்தார். பிரிட்டிஷ் தயாரிப்பாளர் டேவ் டெய்லர், அதாவது 'ஸ்விட்ச்', அந்தப் பதிவுகளைக் கட்டி நிறுத்துவதில் உடனிருந்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டுடியோவில் உருமி மேளம் பதிவானது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டும் அந்த உருமியின் மேல் நிற்கும் பாடல்கள். 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் இளையராஜா பாடலிலிருந்து எடுத்த துணுக்கு ஓடுகிறது. 2007 ஆகஸ்டில் தொகுப்பு வெளிவந்தபோது அதற்குத் தாயின் பெயர், 'கலா'. அதில் இடம்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலில் ஸ்விட்சோடு அமெரிக்கத் தயாரிப்பாளர் டிப்ளோவும் உண்டு. எல்லை தாண்டி வருபவனைப் பணத்துக்கு அலைகிறவனாகப் பார்க்கும் கண்ணைக் கேலி செய்யும் பாட்டு அது. விசா மறுத்த அதே நாட்டின் பில்போர்டு பட்டியலில் 2008-இல் நான்காம் இடம் வரை ஏறியது.

தொலைதூரக் கூட்டணி என்றதும் இணையமும் செயலிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 'கலா'வின் கதை வேறொன்றைக் காட்டுகிறது. தூரத்தை உண்டாக்குவதில் கிலோமீட்டரைவிடக் கடவுச்சீட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் பங்கு அதிகம். ஒலி இன்று நொடியில் கடல் தாண்டிவிடும். அதைப் பாடியவருக்கு உரிய பணமும் பெயரும் அந்த வேகத்தில் திரும்பி வருவதில்லை. பாட்டு எங்கே முடிவாகிறதோ அந்த அறையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாரோ, அந்த அளவுக்கு ஒரு கலைஞரின் பெயர் மங்குகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கீரமங்கலத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்துப் பேரூராட்சி இது. பூச்சந்தை, தென்னை, பலா என்று ஓடும் ஊர். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாட்ஸப்பில் குரல் கேட்டுக் குடும்பம் நடத்தும் வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தொலைவில் இருக்கும் குரலோடு வாழப் பழகிய ஊர் என்றே சொல்லலாம். பக்கத்துப் பட்டுக்கோட்டைச் சீமையில் 1930-இல் பிறந்த கல்யாணசுந்தரம், பாட்டெழுதிப் பிழைக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 29 வயதுக்குள் அவர் எழுதிக் குவித்தார், ஆனால் சொந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அந்தத் துறைக்குள் நுழைய அவருக்கு வழி இல்லை. இன்று ஒரு போன், ஒரு மைக், ஓரளவு டேட்டா இருந்தால் இங்கிருந்தே ஒரு பையனோ பெண்ணோ டொராண்டோவில் இருக்கும் பீட் தயாரிப்பாளரோடு பாட்டுச் செய்ய முடியும். அப்படிச் செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு கணக்கு. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் பூமியின் மேல் நேர்த்தூரம் ஏறக்குறைய 13,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கேபிள் வளையாமல் நேராகவே போனாலும் ஒரு வழிப் பயணத்துக்கு 66 மில்லி நொடி ஆகும். கேபிள் கடலடியில் சுற்றி வளைத்துத்தான் போகிறது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது தாளம் நழுவாமல் இருக்க, ஒருவர் சத்தம் மற்றவரை 20 முதல் 30 மில்லி நொடிக்குள் எட்டியாக வேண்டும். காற்றில் பத்து மீட்டர் கடக்கவே ஒலிக்கு 29 மில்லி நொடி பிடிக்கும். மேளக்காரர்கள் தோளோடு தோள் இடித்து நின்று அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராப்பில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். நிமிடத்துக்கு 90 அடி என்ற நிதானமான பீட்டில் ஓர் அடிக்கு 667 மில்லி நொடி. அதை நான்காக வெட்டினால் 167. ராப்பரின் அசைகள் உட்காரும் கட்டம் அந்த 167 மில்லி நொடிதான். டொராண்டோவுக்குப் போய்த் திரும்பவே 130-க்கு மேல் ஆகிறதென்றால் கிட்டத்தட்ட ஒரு முழுக் கட்டம் காணாமல் போகிறது. ஆகவே நேரலையில் சேர்ந்து வாசிப்பது நடவாத காரியம். தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் ஒளியின் வேகத்தைத் தாண்டப் போவதில்லை.

எனவே தொலைதூர ராப் மாறி மாறி நடக்கும் வேலையாகிறது. தயாரிப்பாளர் பீட்டை ஒரே ஃபைலாக அனுப்புகிறார். ராப்பர் அதைக் காதில் ஓடவிட்டு முதலில் போனிலேயே கரட்டு வடிவத்தில் ஒரு வாய்ஸ் நோட் போடுகிறார். ஒப்புக்கொண்டால் நல்ல மைக்கில் மறுபடி பாடி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக ஏற்றுகிறார். ஒற்றைத் தடத்தில் மூன்று நிமிடக் குரல் ஏறத்தாழ 26 எம்.பி. பிடிக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சின்ன விஷயம்: எல்லாத் தடங்களையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே வெட்டி அனுப்ப வேண்டும், குரல் நாற்பதாவது நொடியில்தான் தொடங்கினாலும் சரி. முன்னால் இருக்கும் மௌனத்தைச் சேர்த்து அனுப்பாவிட்டால், அந்தக் குரல் எந்த அடியில் விழ வேண்டும் என்பது மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது.

இந்தக் கடிதப் போக்குவரத்து புதிதல்ல. அமெரிக்காவில் பென் கிப்பர்டும் ஜிம்மி டாம்பரெல்லோவும் சியாட்டிலுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே நாடாக்களைத் தபாலில் அனுப்பி 2003-இல் 'கிவ் அப்' தொகுப்பை முடித்தார்கள். குழுவுக்கே 'தி போஸ்டல் சர்வீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ராப்பில் இதற்கு முன்னோடி 'தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்'. வட கரோலினாவில் ராப்பர் ஃபான்டே, நெதர்லாந்தில் தயாரிப்பாளர் நிகோலே. இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமலேயே ஃபைல்களைப் பரிமாறி 2004-இல் 'கனெக்டட்' என்ற முழுத் தொகுப்பை வெளியிட்டார்கள். நம் பக்கம் வளைகுடா போனவர்கள் கேசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பிய காலமும் உண்டு. அந்தக் கேசட்டை நடுக்கூடத்தில் வைத்துக் கேட்ட தலைமுறைக்கு, ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில் வாய்ஸ் நோட்டாகப் பாட்டு வளர்வதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தமிழ் ராப்புக்குக் கடல் கடந்த கூட்டு பிறவிக்குணம். அதன் முதல் பெரிய வெளிச்சம் சென்னையிலிருந்து வரவில்லை, மலேசியாவிலிருந்து வந்தது. 1990-களில் 'போயட்டிக் அம்மோ' குழுவில் இருந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தின் வழியாக அந்தக் குரல் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பத்தாண்டு கழித்து 'விவேகம்' படத்தில் அனிருத்துக்காக மறுபடி பாடினார். 2018-இல் வந்த 'காலா' படம் இந்த வலையை இன்னும் விரித்தது. இசை சென்னையின் சந்தோஷ் நாராயணன். ராப் குரல்கள் மலேசியாவின் யோகி பி, ரோஷன் ஜாம்ராக், தாராவித் தமிழர்களின் 'டோப்அடெலிக்ஸ்'. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை'க்கு யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பால் பாடிய 'நீயே ஒளி' வந்தது. எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டைக் களத்துக்கு ஒரு புலம்பெயர்ந்த ஈழத் தமிழனின் குரல் அத்தனை பொருத்தமாக வந்து உட்கார்ந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. துரத்தப்பட்டவர்களின் குரலுக்கு ஊர் மாறினாலும் தாளம் ஒன்றாக இருக்கிறது.

பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. தயாரிப்பாளருக்குத் தமிழ் தெரியாதபோது அந்த வேவ் ஃபைலுக்குள் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழில் குறிலும் நெடிலும் பொருளைத் தீர்மானிக்கின்றன. குரலைக் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டும் மென்பொருளுக்கு அது தெரியாது. பிந்தி வந்த அசையை நீட்டிச் சரிசெய்யும்போது 'கல்' 'கால்' ஆகிவிடும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒற்றில் இருக்கிறது. 'பட்டம்' என்று சொல்லும்போது நடுவில் நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கணம் முழு நிசப்தம். திரையில் பார்த்தால் அந்த இடம் வெறும் கோடாகத் தெரியும். அதை வேண்டாத இடைவெளி என்று நினைத்துச் சுருக்கினால் 'பட்டம்' 'படம்' என்று கேட்கும். சந்தமும் இப்படித்தான். ஆங்கில ராப்பில் வரியின் கடைசி ஒலிதான் பெரும்பாலும் ஒத்துப்போகும், தயாரிப்பாளர் அங்கேதான் டிரம்மை நிறுத்தி ஓர் எதிரொலி வைப்பார். தமிழ்க் காதுக்கு வரி தொடங்கும் இடத்து எதுகையும் மோனையும் இனிக்கும். தமிழ் தெரிந்தவர் அந்தத் தொடக்கத்துக்கு இடம் விடுவார். தெரியாதவர் அதன் மேலேயே பேஸை இறக்கிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "அண்ணே, அங்க கொஞ்சம் விடுங்க" என்ற ஒரு வார்த்தையில் முடியும் வேலை இது. தொலைவில் அதற்கே நேரக் குறிப்போடு ஒரு பட்டியல் எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது.

வாத்தியத்திலும் இதே கதைதான். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் ஒரே சுருதியில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அடிப்பவரின் கை அழுத்தமும், அருகில் நிற்பவர் வேகம் கூட்டுவதும், சாமி வந்தவரின் ஆட்டமும் அந்த வழுக்கலைத் தீர்மானிக்கின்றன. எம்.ஐ.ஏ. நினைத்திருந்தால் யாரோ பதிந்து வைத்த உருமித் துணுக்கு ஒன்றை லண்டனிலேயே ஓட்டியிருக்கலாம். அவர் சென்னைக்கு வந்து மேளக்காரர்களை ஒன்றாக வாசிக்க வைத்துப் பதிந்ததால்தான் 'பேர்ட் ஃப்ளூ' இன்றும் மூச்சு முட்ட ஓடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். தனிக் குரல் தனித் தடமாகப் பயணம் செய்யும். மேளம் கூட்டமாக இருந்தால்தான் மேளம். எதை அனுப்பலாம், எதற்கு நேரில் போயாக வேண்டும் என்று பிரித்தறிவது தொலைதூரக் கூட்டணியின் பாதித் திறமை.

இனி பணமும் பெயரும். இணையத்தில் பீட் விற்கும் சந்தை இன்று பெரிது. அதன் சக்தியையும் ஆபத்தையும் ஒரே பாட்டு காட்டிவிட்டது. நெதர்லாந்தின் பதின்பருவத் தயாரிப்பாளர் யங்கியோ, 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழுவின் 2008-ஆம் ஆண்டு இசைத் துணுக்கு ஒன்றை வைத்து ஒரு பீட் செய்து இணையத்தில் போட்டார். அட்லாண்டாவில் கையில் காசில்லாத ஓர் இளைஞர் அதை 30 டாலருக்கு வாங்கினார். இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. 2018 டிசம்பரில் லில் நாஸ் எக்ஸ் என்ற பெயரில் அந்த இளைஞர் வெளியிட்ட 'ஓல்ட் டவுன் ரோடு', மறு ஆண்டு பில்போர்டில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் நின்றது. மூலத் துணுக்கின் சொந்தக்காரர்களான டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் பெயர்களும் பாட்டில் சேர்ந்தன. அங்கே உரிமைகளைத் துப்புரவாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது, அவற்றைக் கேட்டு வாங்க வழக்கறிஞர்களும் இருந்தார்கள்.

நம்மிடம் நடந்தது 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச் 7 அன்று மாஜா என்ற இசைத் தளத்தின் வழியாக வெளிவந்த அந்தப் பாட்டில் பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடினார்கள். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதன் உயிர். பாட்டு உலகமெங்கும் ஓடியது. பிரெஞ்சுக் கலைஞர் டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தபோது, நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்க விளம்பரப் பலகையில் அறிவின் முகம் இல்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையிலும் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார், பிறகு அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை இறுதியில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு ஒலித்தபோது அறிவு அமெரிக்காவில் இருந்தார். சில நாளில், பாட்டை இசையமைத்து எழுதிப் பாடியது தானே என்று அவர் எழுதினார். உருவான விதம் வேறு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்குமே ஒரு ரூபாய் வரவில்லை என்று அவரே சொன்னார். மாஜா அதை மறுத்தது.

யார் பக்கம் நியாயம் என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பாட்டு ஒவ்வொரு கை மாறும்போதும், முதலில் சொல்லைக் கொண்டுவந்தவரின் பெயர் ஒரு படி பின்னால் தள்ளப்பட்டது. தள்ளப்பட்டவர் ஒரு தலித் கலைஞர் என்பதைப் பார்க்காமல் இதைப் பேசுவது நேர்மையாகாது. ரீமிக்ஸ் செய்தவர் பாரிசில், விளம்பரம் நியூயார்க்கில், அட்டைப்படம் முடிவாவது வேறெங்கோ. இந்த அறைகள் எதிலும் அறிவு இல்லை.

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் ஓங்கி நிற்கும் சிவன் சிலைக்கு எதிரே நக்கீரர் நிற்கிறார். அந்தத் திருவிளையாடல் கதையைக் குற்றமும் நெற்றிக்கண்ணுமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் அடியில் இருப்பதும் பாட்டு யாருடையது என்ற இதே சிக்கல்தான். எழுதியவர் இறைவன், சபையில் படித்தவர் தருமி, பொற்கிழி படித்தவருக்கு. ஆட்சேபம் எழுந்ததும் தருமியால் பதில் சொல்ல முடியவில்லை, எழுதியவரே நேரில் வர வேண்டியிருந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இன்றும் 'இறையனார்' பெயரில்தான் இருக்கிறது. தொகுத்தவர்கள் தருமியின் பெயரைப் போடவில்லை.

நேரில் வர முடியாத ராப்பருக்குச் சட்டம்தான் வந்து நிற்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது, 2012-இல் நல்ல திருத்தங்களைப் பெற்றது. அதன் கண்ணில் ராப் வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டும் பீட்டும் ஓர் இசைப் படைப்பு, முடிந்த பதிவு மூன்றாவதாக ஓர் ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமை தனித்தனி. ஒலிப்பதிவின் உரிமை அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்றவருக்கு, பெரும்பாலும் நிறுவனத்துக்கு, போகும். எழுதியவர் தன் உரிமையை மாற்றிக் கொடுப்பது 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டிப் பங்கை ஒப்பந்தம் போட்டுப் பிடுங்கிவிடவும் முடியாது. 38பி பிரிவு, பாடியவர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. ராயல்டியை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்க, கிராமத்து ராப்பர் "அண்ணா, பீட் செம்மயா இருக்கு, நாளைக்கு வாய்ஸ் அனுப்புறேன்" என்ற ஒரே செய்தியோடு 26 எம்.பி.யை ஏற்றிவிடுகிறார். இந்த நம்பிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லாமல் முன்பின் பார்க்காத இருவர் சேர்ந்து ஒன்றையும் உருவாக்க முடியாது. கூடவே இன்னொரு செய்தியும் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஹூக்கை யோசித்தது யார், நூற்றில் யாருக்கு எத்தனை, ரீமிக்ஸோ விளம்பரமோ வந்தால் யாரைக் கேட்க வேண்டும், பெயர்கள் எந்த எழுத்துக்கூட்டலில் எந்த வரிசையில் வர வேண்டும் என்று அரைப் பக்கம். தமிழிலேயே எழுதலாம். தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, படம் பிடித்து, வேவ் ஃபைல் கிடக்கும் அதே ஃபோல்டரில் வைத்துவிட வேண்டும். அதற்குரிய நேரம் பாட்டு வெளிவந்த பிறகல்ல, முதல் வாய்ஸ் நோட்டுக்கு "ஓகே" வந்த அன்றே. அன்றைக்கு இருவருமே சமமான இடத்தில் இருக்கிறார்கள், பார்வை எண்ணிக்கை இன்னும் பூஜ்யம்தான்.